காரைவலசில் கட்டில் முளைத்த காலம்

புள்ளி முறை வந்த மறுநாள் விடியக்காலையில், காரைவலசு ஆஸ்பத்திரியின் முப்பது கட்டில் வார்டில் முப்பத்தோராவதாக ஒரு கட்டில் நின்றுகொண்டிருந்தது. யாரும் தூக்கிக்கொண்டு வந்து போட்டதல்ல. மற்ற முப்பதையும் போலவே வெள்ளை பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில், அதே பச்சை ரெக்ஸின் மெத்தை, தலைமாட்டில் குளுக்கோஸ் மாட்டுகிற கம்பி, கால்மாட்டில் கொஞ்சம் துரு. வார்டு ஆயா காளியாத்தாள் அதைப் பார்த்தாள், ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், அலமாரியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து உதறி விரித்தாள். கட்டில் என்று ஒன்று வந்துவிட்டால் விரிக்கத்தானே வேண்டும், எங்கேயிருந்து வந்தாய் என்று அதையா கேட்க முடியும்? ஒன்பது மணிக்கு டாக்டர் சவுடேஸ்வரி வந்தபோது அதில் ஒருத்தர் படுத்து ரஸ்க் தின்றுகொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் சவுடேஸ்வரி அந்த ஆஸ்பத்திரியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். பத்துப் பேர் வந்தாலும் அதே சம்பளம், நூறு பேர் வந்தாலும் அதே சம்பளம் என்பதால் யாரையும் படுக்கப் போட வேண்டிய அவசரம் அவளுக்கு இருந்ததில்லை. கட்டிலோரத்தில் உட்கார்ந்து, இருமல் காலையிலா சாயங்காலமா, வீட்டில் அடுப்பு எந்த மூலையில், மருமகளோடு பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதுவரை கேட்டு, பாதிப் பேரை மருந்தே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அந்தக் காலத்திலும் குறை இல்லாமல் இல்லை. நாலு மணி அடித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், நாலரைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போனதும் உண்டு. ஆனாலும் உச்சிப்பொழுதில் காளியாத்தாளும் அவளும் வராந்தாவில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துத் தின்றபடி, எந்தக் கட்டிலில் இருப்பவருக்கு உண்மையிலேயே நோவு, எந்தக் கட்டிலில் இருப்பவருக்கு வீட்டில் சண்டை என்று பேசிக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் காளியாத்தாள் சொன்னது தப்பினதே இல்லை.

பெரிய டாக்டர் சென்னியப்பனுக்கு முழங்கால் போய் வீட்டோடு இருந்துவிட, நிர்வாகம் படித்த அவர் மகன் நவநீதன் பொறுப்புக்கு வந்தான். கெட்ட பையன் என்று சொல்லிவிடக் கூடாது. எல்லாருக்கும் வணக்கம் சொல்வான், ஆயாக்களைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவான். கட்டடத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்ததால், வேலைக்குத் தகுந்த கூலி என்று ஒன்றை யோசித்தான். டாக்டர் ஒருவரை வார்டில் சேர்த்தால் ஒரு புள்ளி, புள்ளிக்குத் தகுந்த சம்பளம், யாருக்கு எத்தனை புள்ளி என்று வாசலில் ஒரு போர்டு. இருமலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் புள்ளி இல்லை. புதன்கிழமை குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பூசிக்குப் புள்ளி இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு எதைத் தின்னலாம் எதைத் தின்னக் கூடாது என்று சொல்வதற்கும் இல்லை, ஆஸ்பத்திரி வேலைக்காரர்களைப் பார்ப்பதற்கும் இல்லை. எப்படியும் அவர்கள் வெளி ஆள் இல்லையே!

முதல் மாதம் போர்டில் மூன்று டாக்டர்களில் கடைசியாக இருந்தது சவுடேஸ்வரியின் பெயர். தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து ஜில்லாவிலேயே முதலாக வந்த நெசவுக்காரர் வீட்டுப் பெண், பிறந்ததிலிருந்து எதிலும் கடைசியாக நின்றதில்லை. எலும்பு டாக்டர் போர்டைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவளுக்கு அவமானமாக இருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? மறுநாள் இருமலோடு வந்த பஸ் கண்டக்டரைப் பார்த்து, எதற்கும் ரெண்டு நாள் படுத்துப் பார்க்கட்டுமே என்று எழுதினாள். எழுதி முடித்த கையோடு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அடுத்தவருக்கும் எழுதினாள்.

அன்றைக்குத்தான் காளியாத்தாள் முதல்தடவையாகக் கேட்டாள், கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது, ஒருக்கா நெஞ்சில் வைத்துப் பாருங்கள் என்று. வாசலில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள், எட்டுப் புள்ளி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் அக்கா என்றாள் சவுடேஸ்வரி. சரிங்க டாக்டரம்மா என்று காளியாத்தாள் விரிப்புகளை அள்ளிக்கொண்டு போனாள்.

ஒரு புள்ளி விழுந்தால் மறுநாள் விடியும்போது ஒரு கட்டில், இதுதான் கணக்கு. வார்டு நிறைந்து வராந்தாவுக்கு வந்தது, வராந்தா நிறைந்து சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தது, சித்திரை முடிவதற்குள் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி, மாவு மில், எண்ணெய்க் கடை, மாரியம்மன் கோயில், தறிக் குடோன் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு பிடித்தாற்போல் வாய்க்காலைப் பார்த்து நடந்தது. தெருவுக்கு வந்த கட்டில்கள் எல்லாம் முதலில் காலியாகத்தான் இருந்தன. அங்கேதான் ஊருக்குப் பயம் வந்தது. காரைவலசில் காலித் தொட்டிலை யாரும் ஆட்ட மாட்டார்கள், பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். தொட்டிலுக்கே அப்படியென்றால் ஆஸ்பத்திரிக் கட்டில் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும்? அது ஆளைக் கூப்பிடாமல் இருக்குமா?

கோயிலில் கூடிப் பேசினார்கள். மாவு மில் மாரப்பன்தான் வழி சொன்னார்: கூப்பிடுவதற்கு முன்னால் நாமே போய்ப் படுத்துவிட்டால் அது ஏன் கூப்பிடப் போகிறது, மாரியம்மன் நோம்பிக்கு முறை வைப்பதுபோல் இதற்கும் தெருவுக்கு ஒரு நாள் முறை வைத்துவிடலாம் என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. திங்கட்கிழமை மேற்கு வீதி, செவ்வாய் தறிக்காரர் வீதி, புதன் சந்தைப்பேட்டை என்று எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினார்கள். முறை வந்தவர்கள் தலைக்குக் குளித்து, தலையணையும் தண்ணிச் சொம்புமாக வந்து படுத்தார்கள். சும்மா படுக்க மனசு கேட்காமல் ஆளுக்கொரு நோவையும் யோசித்து வைத்துக்கொண்டார்கள், டாக்டரம்மா வந்து கேட்டால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று!

ஊர் அதற்குத் தோதாக மாறிக்கொண்டது. டீக்கடைக்காரர் ஆறு தூக்குப்போசியைச் சைக்கிளில் கட்டிக் கட்டில் கட்டிலாக டீ ஊற்றினார். தபால்காரர் வீட்டு நம்பரை மறந்து கட்டில் நம்பருக்குக் கடிதம் கொடுத்தார். பஸ்ஸில் ஏறினால் நூற்றுப்பத்தாம் கட்டிலில் ஒன்று, முந்நூறாம் கட்டிலில் ரெண்டு என்றுதான் டிக்கெட். ஒன்றாம் வகுப்பு டீச்சர் முறை நாளில் படுத்தபடியே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்து ரெண்டு குடும்பம் பழக்கமாகி ஒரு கல்யாணம்கூட நிச்சயமாயிற்று, வெற்றிலை பாக்கு மாற்றியதும் கட்டிலில்தான். நல்லாயிருந்தவர்களுக்கு வாரம் ஒரு நாள் படுத்துப் படுத்து, இடுப்பு பிடித்துக்கொண்டது, தூக்கம் கெட்டது, பசி மந்தமானது. அப்புறம் நோவை யோசிக்க வேண்டிய சிரமமும் இல்லாமல் போயிற்று. நிஜமாகவே காய்ச்சல் வந்தவர்கள் மட்டும், தங்கள் வீதி முறை வரட்டும், முறையை மீறக் கூடாது என்று வீட்டில் போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

சவுடேஸ்வரி மொபெட்டில் போய் ரவுண்ட்ஸ் பார்த்தாள். மணிக்கட்டில் ஒரு விரல், தலையில் ஒரு ஆட்டல், அட்டையில் ஒரு கையெழுத்து, அடுத்த கட்டில். ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் மாலையாகத் தொங்கியது. புதன்கிழமைத் தடுப்பூசி ஒரு வாரம் தள்ளிப்போனது, இன்னொரு வாரம் தள்ளிப்போனது, பிறகு அந்த அறையில் விரிப்புகளை அடுக்கிவிட்டார்கள். நிலக்கடலை தின்ன நேரமே இல்லை. வைகாசியில் போர்டில் ரெண்டாவதாக வந்தாள், ஆனியில் முதலாவதாக வந்தாள். நவநீதன் எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

விரிப்பு மாற்றுவதெல்லாம் காளியாத்தாள் ஒருத்திதான். கட்டிலுக்குப் புள்ளி உண்டு, விரிப்புக்கு ஏது? தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு மூட்டை, காலை ஆறு மணிக்கு ஒன்றாம் கட்டிலில் ஆரம்பித்தால் வாய்க்கால் போய்ச் சேர்வதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். முதலில் பத்துக் கட்டிலுக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள், பிறகு ஐந்து கட்டிலுக்கு ஒருதரம், பிறகு ரெண்டு கட்டிலுக்கு ஒருதரம். கால் வீங்கி, செருப்பு போட முடியாமல் வெறுங்காலோடு நடந்தாள். ரெண்டாம் தடவை அவள் கேட்டபோது, போர்டு மாற்றுகிற நாள் அது, நாளைக்கு என்றாள் சவுடேஸ்வரி. மூன்றாம் தடவை காளியாத்தாள் வாய் திறக்கவில்லை, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மொபெட்டுக்கு வழிவிட்டு நின்றாள். சவுடேஸ்வரி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நாளைக்குக் கட்டாயம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனாள்.

ஆடி ஏழாம் தேதி, மண்ணை வாரி இறைக்கிற காற்று. அன்றைக்குத் தொள்ளாயிரத்துப் பதினோரு கட்டில். அறுநூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் புது விரிப்பு இருந்தது. அதற்கப்புறம் கட்டில்களில் எல்லாம் நேற்றைய விரிப்பு கசங்கிக் கிடந்தது. பன்னிரண்டு வருஷத்தில் காளியாத்தாள் ஒரு கட்டிலையும் அழுக்கு விரிப்போடு விட்டதில்லை. சவுடேஸ்வரி மொபெட்டை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு நடந்தே தேடினாள்.

எழுநூறாம் கட்டிலில் படுத்திருந்த எண்ணெய்க் கடைக்காரர், இப்பத்தான் போனாங்க, என் பையன் பேசாமல் இருக்கிற விஷயத்தைக் கேட்டுட்டுப் போனாங்க என்றார். எழுநூற்று முப்பதில் ஒரு பெண், வாரா வாரம் காளியக்காகிட்ட அழுதுருவேன், அதுக்குத்தான் முறைக்கே வர்றேன் என்றாள். ஒரு கிழவர், என் காதில் எறும்பு போனதை எடுத்துவிட்டது அவள்தான் என்றார். இன்னொருத்தி, மூணு மாசமாகத் தலைசுற்றல் என்று உங்களிடம் சொன்னேன், நீங்கள் தலையாட்டினீர்கள், ஆயாதான் எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்டாள் என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். கட்டிலுக்குக் கட்டில் சவுடேஸ்வரி கேட்டுக்கொண்டே போனாள். தான் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரையும் பார்த்தது காளியாத்தாள்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. பாதி வழியில் ஓட ஆரம்பித்தாள்.

வாய்க்கால் மேட்டில் கடைசிக் கட்டில். முந்நூறு கட்டிலை விட்டுவிட்டு, அன்று விடியலில் முளைத்த புதுக் கட்டிலாவது அம்மணமாக நிற்க வேண்டாம் என்று நேராக அங்கே போய் விரித்திருக்கிறாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. காளியாத்தாள் அதன் காலில் முதுகைச் சாய்த்து மண்ணில் உட்கார்ந்திருந்தாள், உதடு நீலம் பாய்ந்திருந்தது, கழுத்து நரம்பு விடைத்திருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் எழும்பி இறங்கியது.

“அக்கா, கீழ எதுக்கு உக்காந்திருக்கீங்க, மேல படுங்க” என்று சவுடேஸ்வரி அவள் அக்குளில் கை கொடுத்தாள்.

காளியாத்தாள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. “படுத்தா மூச்சு முட்டுதுங்க டாக்டரம்மா. நாலு மாசமாச்சுங்க நான் படுத்து. செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டேதான் தூங்கறேன்.”

சவுடேஸ்வரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் தணியும், கால் வீங்கும்: டாக்டருக்கு ரெண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளையைக் கேட்டால்கூட இதயம் என்று சொல்லும். ஊரில் படுக்க முடிந்தவர்கள் எல்லாரும் படுத்திருந்தார்கள். படுக்கவே முடியாத ஒரே ஒருத்திதான் நிஜமான நோயாளி, அவள்தான் அத்தனை பேருக்கும் விரித்துப் போட்டிருக்கிறாள். புள்ளியோ படுத்தவர்களுக்குத்தான்.

கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை நாலு மாதம் கழித்துக் காதில் மாட்டினாள். காற்று இரைந்ததால் தன் புடவைத் தலைப்பை ரெண்டு பேர் மேலும் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முதுகில், மறுபடியும் முன்னால் என்று அவசரப்படாமல் கேட்டாள். குறுகிப்போன வால்வு வழியாக ரத்தம் உருண்டு போகிற சத்தம் தெளிவாகக் கேட்டது, நுரையீரலில் தண்ணீர் கொரகொரத்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டாள். பத்து வயதில் வந்ததுங்க என்று தலையாட்டினாள் காளியாத்தாள். பையிலிருந்த நீர் பிரிகிற ஊசியைப் போட்டாள். முதல்தடவை கேட்ட அன்றைக்கே வைத்துப் பார்த்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும். இப்போது ஆக்ஸிஜன் வேண்டும், கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் வால்வை விரிக்க வேண்டும், அதுவரைக்கும் உயிர் நிற்க வேண்டும்.

போன் போட்டால் ஆம்புலன்ஸ்காரர் கை விரித்தார். வீதி நெடுகக் கட்டில் நிற்கிறது, மொபெட் போகிற வழியில் வண்டி எப்படி வரும்? மூன்று கட்டில் தள்ளிப் படுத்திருந்த மாரப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“வண்டி வராட்டிப் போகுதுங்க. கட்டிலோட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருவோம். வீதிக்கு எட்டுப் பேரு, முறை போட்டுக்கலாம்” என்றார்.

சவுடேஸ்வரி கட்டிலில் ஏறி நடுவில் உட்கார்ந்து, காளியாத்தாளை முன்னால் உட்காரவைத்துக் கால் ரெண்டையும் வெளியே தொங்கவிட்டு, அவள் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்து இரு கையாலும் அணைத்துக்கொண்டாள். எட்டுப் பேர் தூக்கினார்கள். கட்டில் வரிசையை ஒட்டிக் கொஞ்சம்கூட அலுங்காமல் நடந்தார்கள். ஒரு வீதி எல்லை முடிகிற இடத்தில் அங்கே படுத்திருந்த எட்டுப் பேர் கட்டிலைவிட்டு எழுந்து தோள் மாற்றிக்கொண்டார்கள். எழுந்தவர்கள் திரும்பிப் போய்ப் படுக்காமல் கூடவே நடந்தார்கள். பெண்கள் விரிப்பைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இடுப்புப் பிடித்திருந்தவர்கள் இடுப்பை மறந்தார்கள். எறும்பு போன காதுக்காரக் கிழவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போய் ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்தார். கூச்சல் இல்லை, கொட்டு இல்லை, அத்தனை பேரின் காலடிச் சத்தமும் காற்றும்தான்.

தறிக் குடோன் முக்கில் நவநீதன் போனோடு ஓடிவந்தான். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது, வேலைக்காரர்களுக்குப் புள்ளி எழுதுகிற ஃபாரத்தில் கட்டமே இல்லையே என்று மூச்சுவாங்கக் கேட்டான். எழுதாதீங்க என்றாள் சவுடேஸ்வரி. அவன் காளியாத்தாளின் வீங்கின காலைப் பார்த்தான். சின்ன வயதில் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் அவனை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள் அவள். போனைப் பையில் போட்டுவிட்டு, களைத்துப்போயிருந்த ஒருத்தரை விலக்கி, தன் தோளைக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி ஊரில் பலதும் சொல்வார்கள். மறுநாளிலிருந்து கட்டில் முளைக்கவில்லை என்பார்கள், அது உண்மை. இருந்த கட்டில்களில் மிளகாய் காய்ந்தது, ஆட்டுக்குட்டி கட்டினார்கள், பாதி பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சாகப் போனது, அதுவும் உண்மை. புள்ளி ஒழிந்ததா என்று கேட்டால் ஒழியவில்லை, வேறு பெயரில், வேறு கட்டங்களோடு வந்தது. புதன்கிழமை ஊசிக்கு ஒரு கட்டம் சேர்த்தான் நவநீதன், ஆனால் கட்டிலோரத்தில் உட்காருவதற்கு என்ன கட்டம் போடுவது என்று அவனுக்கு இன்றுவரை தெரியவில்லை. காளியாத்தாளுக்குக் கோயமுத்தூரில் வால்வு விரித்தார்கள், கார்த்திகையில் அவள் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள்.

ஆனால் அந்த ஆடி மத்தியானத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஊசி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், உதட்டில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. சவுடேஸ்வரி அணைத்த கையை எடுக்காமல் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பது, முப்பத்தாறு, முப்பத்து நாலு. கோயில் தாண்டும்போது அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

“நாலு மாசமா என் கண்ணு முன்னாலயே நின்னீங்கக்கா. படுத்தவங்களையே பாத்துட்டு இருந்துட்டேன். உங்களைப் பாக்கலை” என்று அவள் காதோரம் சொன்னாள்.

காளியாத்தாள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தாள். பிறகு, தன் வயிற்றின் மேல் கிடந்த டாக்டரின் கையை மெதுவாகத் தட்டினாள்.

“நீங்களுந்தான் நாலு மாசமா எங்கயும் உக்காரலைங்க டாக்டரம்மா. கால் வலிச்சிருக்குமுங்களே?” என்றாள்.

சவுடேஸ்வரி அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். தூக்கிக்கொண்டு போனவர்கள் அதைக் கேட்டார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டார்கள்.